நோட்டீஸில் விழுந்த வட்டம்

அத்தியாயம் நான்கு

வீடு ஏலத்துக்கு வந்துவிட்டது என்ற செய்தியை வீட்டுக்காரிக்கு முதலில் சொன்னது கடன் கொடுத்த கம்பெனி அல்ல. அவளுடைய சமையலறையை நாடா வைத்து அளந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத ஓர் ஆள். “இந்தச் சுவரை இடிச்சுட்டா நல்லா விசாலமா இருக்கும்ல?” என்று அவளிடமே யோசனை வேறு கேட்டிருக்கிறான்.

அது நேற்று. ஏலம் இன்று மதியம்.

அதனால்தான் துப்பறிவாளர் வாய்தாவும் அவருடைய உதவியாளர் கீச்சும் காலையிலேயே அந்த வீட்டு முன்னறையில் பல்செட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரி பல்செட் செய்கிறவள். அலமாரி முழுக்க மேல்வரிசை, கீழ்வரிசை, பாதிவரிசை. யார் வீடு போனால் எங்களுக்கென்ன என்று அத்தனையும் இளித்துக்கொண்டிருந்தன. கடன் கம்பெனியின் ஆண்டுவிழாப் புகைப்படம் கீச்சின் நினைவுக்கு வந்தது.

கீச்சுக்கு அந்தக் கம்பெனி அத்துப்படி. தவணை தவறியவர்களை போனில் கூப்பிட்டு மிரட்டும் வேலையில் அங்கே இருந்தவள். ஆனால் அவள் மிரட்டினால் எதிராளிக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட, கீச்சு கூப்பிடுவாள் என்பதற்காகவே தவணையை நிறுத்திவிட்டார்கள். ஒரு கிழவர் கடனே வாங்காமல், “என்னையும் கொஞ்சம் மிரட்டக் கூடாதா?” என்று நேரில் வந்து கேட்டார். அன்றோடு சீட்டுக் கிழிந்தது.

வாய்தா முன்னாள் வக்கீல். அவர் வாய்தா வாங்கியே இழுத்த ஒரு வழக்கு கடைசியில் தீர்ப்புக்கு வந்தபோது, வாதியும் பிரதிவாதியும் சம்பந்திகளாகி, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரே வண்டியில் கோர்ட்டுக்கு வந்தார்கள். நீதிபதி அந்தக் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, வாய்தாவை இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் துப்பறிய வந்தார்.

“நோட்டீஸ் ஒண்ணுமே வரலையாம்மா?” என்றார் வாய்தா.

“சத்தியமா வரலை சார். பல் சுடுற அடுப்பு வாங்கத்தான் வீட்டை அடமானம் வச்சேன். நாலஞ்சு டாக்டருங்க பல்லை வாங்கிட்டுக் காசுக்கு இழுத்தடிச்சாங்க. தவணை நின்னது நிஜம். ஆனா ஒரு துண்டுக் காகிதம் வரலை. வந்திருந்தா இப்படி உட்கார்ந்திருப்பேனா? இது எங்கம்மா எனக்குன்னு எழுதி வச்ச வீடு.”

ஜன்னல் ஓரம் நின்றிருந்த அவளுடைய அண்ணன், அம்மாவின் பெயர் வந்ததும் மின்விசிறியைப் பார்த்தார். நல்ல சட்டை, மடித்த குடை, கையில் டீ. விடிந்ததிலிருந்து தங்கைக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர்.

“விடுங்க சார். அவங்க பெரிய இடம். மோதி என்ன ஆகப்போகுது? தங்கச்சி என் வீட்டு மாடி ரூம்ல வந்து இருந்துக்கட்டும். மழை வந்தா மட்டும் கொஞ்சம் ஒழுகும்.” சொல்லிக்கொண்டே டீ கிளாஸை மேஜைமேல் வைத்தார். மேஜை என்று அவர் நினைத்தது ஈரம் காயாத ஒரு சுண்ணாம்பு அச்சு.

“அண்ணே! அது ஒரு தலைமையாசிரியரோட தாடை!”

கிளாஸை எடுத்தார். தலைமையாசிரியரின் கீழ்த்தாடையில் பளிச்சென்று ஒரு வட்டம் விழுந்திருந்தது.

“கண்ட இடத்துல கிளாஸை வைக்காதேன்னு அம்மா காலத்துலேர்ந்து கத்துறோம். கேட்டாத்தானே!”

“வட்டமா கடிக்கப் போறார், அவ்வளவுதான். பசங்க சந்தோஷப்படுவாங்க,” என்றாள் கீச்சு.

வாய்தா சிரிக்கவில்லை. “மோதி என்ன ஆகும்னு கேட்டீங்கள்ல? சொல்றேன். ஏலம் போடணும்னா முதல்ல நோட்டீஸ் கொடுத்தாகணும். கொடுத்தா ஆட்சேபணை எழுதலாம். அதுக்கு அவங்க காரணம் காட்டிப் பதில் சொல்லியாகணும். தவணையைக் குறைச்சு நீட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். நாமளே நல்ல விலைக்கு வித்து, கடனை அடைச்சு மிச்சத்தைப் பையில போட்டுக்கலாம். ஏலம் முடியற வரைக்கும் பாக்கியைக் கட்டி மீட்கலாம். எதுக்கும் மசியலைன்னா கோர்ட்டுல தடை வாங்கலாம். இத்தனை வழி இருக்கு. ஆனா நோட்டீஸ் கண்ணுலயே படலைன்னா, வழி இருக்கறதும் தெரியாது, அடைபட்டதும் தெரியாது. அதனால அந்த நோட்டீஸ் எங்கே போச்சுங்கறதுதான் கேள்வி.”

“நல்லாப் பேசறீங்க,” என்றார் அண்ணன். “நான் போய் யார் கால்லயாவது விழுந்து பார்க்கறேன்.” குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பின்னாலேயே இவர்களும் எழுந்தார்கள். வாசல் கதவை இழுத்த கீச்சு தடுமாறி விழப்பார்த்தாள். கனமான பழைய மரக்கதவு. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. நடுவில் பல் வடிவத்தில் ஒரு பித்தளைத் தகடு.

“போன மாசம்தான் தச்சர் இழைச்சுக் கொடுத்தார்,” என்றாள் வீட்டுக்காரி. “மழையில ஊதிப்போய்க் கிடந்தது. தோளால இடிச்சாத்தான் திறக்கும். முழுசாச் சாத்தி எத்தனையோ வருஷமாகியிருந்துச்சு.”

*

கடன் கம்பெனியின் வரவேற்பறையில், ‘உங்கள் கனவு இல்லம், எங்கள் கடமை’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே, இன்று மதியம் யார் யாருடைய கனவு இல்லங்கள் ஏலம் என்ற பட்டியலும் தொங்கியது. ஒரே ஆணியில்.

மேலாளரை எல்லோரும் டை என்பார்கள். அந்த டையைக் கழற்றிவிட்டால் உள்ளே ஆள் இருப்பாரா என்பது கீச்சு வேலைபார்த்த காலத்திலேயே தீராத சந்தேகம்.

“நீயா?” என்றார் டை. “இப்ப யாரைச் சிரிக்க வைக்கிறே?”

“இன்னிக்கு உங்களைத்தான் சார். கொஞ்சம் கஷ்டமான வேலைதான்.”

டை கோப்பிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து, சீட்டாட்டத்தில் துருப்பை இறக்குகிறவர் மாதிரி வீசினார். “தபால்ல அனுப்பினோம். ஆளில்லைன்னு திரும்பி வந்துடுச்சு. அப்புறம் ஆளை அனுப்பி வீட்டுக் கதவுலயே ஒட்டியாச்சு. போட்டோவும் எடுத்தாச்சு. ஓரத்துல தேதி. ஆட்சேபணைக்குக் காலம் முடிஞ்சு போச்சு. வர்றவங்க எல்லாம் இதையேதான் சொல்றாங்க, ‘பார்க்கலை, பார்க்கலை’ன்னு. கடன் வாங்கும்போது மட்டும் கண்ணு நல்லாத் தெரியுது.”

கீச்சு படத்தைப் பார்த்தாள். அதே மரம். அதே பல் வடிவத் தகடு. தகட்டுக்குக் கீழே கம்பெனியின் நோட்டீஸ். சந்தேகமே இல்லை, அவள் வீட்டுக் கதவுதான்.

வாய்தா படத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். “இந்த மூலையில வட்டமா என்ன இது?”

“கம்பெனி முத்திரை.”

“முத்திரைன்னா உள்ளே எழுத்து இருக்காதா?”

“சரியா விழலை.” டை கடிகாரத்தைப் பார்த்தார். “மதியம் ஏலம். கூட்டம் வரும். நகல் வேணும்னா எடுத்துக்குங்க, இலவசம்.”

“இந்தக் கம்பெனியில இலவசமா!” என்றாள் கீச்சு. “எழுதிக் கொடுங்க சார், சட்டம் போட்டு மாட்டணும்.”

வெளியே தெருவுக்கு வந்ததும் அவளுடைய கிண்டல் அடங்கியது. “சார், அந்தம்மா பொய் சொல்லுதா? கதவு அவங்களுதுதானே?”

“கதவு அவங்களுதுதான்.”

“அப்ப முடிஞ்சுதா?”

“இது முத்திரையில்லை. டீ கிளாஸ் தடம்.”

“இருக்கட்டுமே. நோட்டீஸ் ஒட்ட வந்தவன் டீ குடிச்சிருப்பான். அந்தச் சம்பளத்துக்கு வேற என்ன குடிப்பான்?”

“குடிக்கட்டும். ஒட்டின காகிதத்துமேல தடம் விழுந்திருக்கு. கிளாஸை எங்கே வச்சான்?”

“கதவுல…” என்று ஆரம்பித்த கீச்சு நடுத்தெருவில் நின்றாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் அவளுடைய வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார். “சார்! நிக்கிற கதவுல எப்படி சார் கிளாஸை வைக்கிறது?”

“வைக்க முடியாது.”

“அப்ப கதவு படுத்திருந்ததா?”

“படம் எடுத்தவன் மேலேயிருந்து எடுத்திருக்கான். பார்த்தா நிக்கிற மாதிரி இருக்கு. சரி, கதவு எங்கே போய்ப் படுக்கும்?”

கீச்சு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

*

தச்சருடைய பட்டறையில் கணுக்கால் முழுகுகிற அளவுக்கு மரச்சுருள். தச்சர் அவர்களைப் பார்த்ததும் வரிசை குலையாத வெள்ளைப் பல்லால் சிரித்தார். பல் யாருடைய வேலை என்று கேட்கவே வேண்டியதில்லை.

“அந்தக் கதவா? மறக்க முடியுமா? மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. மூணு நாள் இங்கேதான் கிடந்தது. வாசலுக்கு அந்தம்மா தார்ப்பாயைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க.”

“அதுமேல யாராவது நோட்டீஸ் ஒட்டினாங்களா?”

“ஒட்டினாங்களே! கம்பெனித் தொப்பி போட்ட ஒருத்தனும், வீட்டுக்காரரும்.”

கீச்சும் வாய்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எந்த வீட்டுக்காரர்?” என்றார் வாய்தா.

“கதவோட சொந்தக்காரர்தான். ‘நான்தான் வீட்டுக்காரன், நம்ம கதவுதான், ஒட்டுப்பா’ன்னு தொப்பிக்காரன்கிட்டே சொன்னார். அவனும் இந்த மழையில எவன் நடப்பான்னு இங்கேயே ஒட்டிட்டான். காத்துல காகிதம் தூக்குச்சு. இவர் டீ கிளாஸைத் தூக்கி அதுமேல வச்சார். நான் இழைச்சு முடிச்ச கதவு மேலயா கிளாஸை வைக்கிறதுன்னு ரெண்டு வார்த்தை விட்டேன். எடுத்துப் பக்கத்துப் பலகை மேல வச்சார். தொப்பிக்காரன் ஸ்டூல் மேல ஏறிப் படம் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் இவரே ஈரத்துணியால தேய்ச்சுக் காகிதத்தை உரிச்சு எடுத்துட்டார். நல்ல மனுஷன். இழைச்ச கூலியையும் அவரே கொடுத்துட்டார். ‘அந்தம்மாகிட்டே இதெல்லாம் சொல்லி மனசைக் கஷ்டப்படுத்தாதீங்க’ன்னும் சொன்னார்.”

கீச்சுக்கு முகம் விழுந்துவிட்டது. வாய்தாவைத் தனியே இழுத்தாள். “சார், அந்தம்மாவுக்குப் புருஷன் இல்லையே. இருந்தாலும், வீட்டுக்காரன்னு ஒருத்தன் கண்ணு முன்னாலேயே ஒட்டினோம்னு டை சொல்லுவான். நமக்குத்தானே இடி?”

“யாரு இடி வாங்கறாங்கன்னு பார்ப்போம்,” என்றார் வாய்தா. தச்சரிடம் திரும்பினார். “எங்ககூட ஒரு இடத்துக்கு வரணும். அந்தம்மா செஞ்ச பல்லோட.”

“இது இல்லாம நான் எங்கேயும் போறதில்லைங்க,” என்றார் தச்சர்.

பட்டறையை விட்டு வெளியே வரும்போதுதான் கீச்சு அந்தப் பலகையைப் பார்த்தாள். சுவரில் சாய்த்திருந்த புதுப்பலகை. நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். அந்த வட்டத்தை அவள் இன்று காலையில் இன்னோர் இடத்திலும் பார்த்திருக்கிறாள். சுண்ணாம்பில், ஒரு தலைமையாசிரியரின் தாடையில்.

“சார்…”

“மூச்சு விடாதே,” என்றார் வாய்தா.

*

ஏல அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில், அடுத்தவன் வீடு எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று கணக்குப்போடுகிற முகங்கள். எல்லா முகத்திலும் ஒரே அடக்கம். சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்து, அங்கே இருக்கும் பீரோவை நோட்டம் விடுகிறவர்களின் அடக்கம். சமையலறையை அளந்த நாடாக்காரனும் முன்வரிசையில் இருந்தான்.

வீட்டுக்காரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கடைசி வரிசையில் இருந்த அண்ணனைப் பார்த்ததும் ஓடிப்போனாள். “அண்ணே, யார்கிட்டேயாவது பேசினியா?”

“பேசிக்கிட்டேதான் இருக்கேன்மா,” என்று அண்ணன் ஒரு தொடையை இறுக்கமாக ஊன்றிக்கொண்டார். தொடைக்கடியில் என்னவோ இருந்தது.

டை சுத்தியலைக் கையில் எடுத்தபோது கீச்சு தட்டில் டீயோடு உள்ளே நுழைந்தாள். “முன்னாள் ஊழியர் சார்பா அன்பளிப்பு,” என்று சுற்றிக் கொடுத்தாள். சும்மா கிடைக்கிறதை வேண்டாம் என்கிறவர்கள் அந்த அறைக்கு வருவதில்லை. அண்ணனும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“நீங்க முன்னால வாங்களேன்,” என்று அவரை மேஜைக்கு அழைத்தார் வாய்தா. “தங்கச்சி சார்பா ஒரு வார்த்தை சொல்லுங்க. பெரியவர் நீங்க இருக்கும்போது நான் பேசினா மரியாதையில்லை.”

எழுந்திருக்க வேண்டியதாகிவிட்டது. எழுந்ததும் நாற்காலியில் ஏலம் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிற எண் அட்டை தெரிந்தது. தங்கை அதைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

மேஜைக்கு வந்த அண்ணன், “நான் என்ன சொல்றது…” என்று கையை விரித்தார். கையை விரிக்க வேண்டுமானால் கிளாஸைக் கீழே வைத்தாக வேண்டும். வைத்தார். டையின் ஏல அறிவிப்பின்மேல், நட்டநடுவில்.

“ஐயோ, கோப்பு!” என்று டை கிளாஸைத் தூக்கினார். அடியில் ஒரு வட்டம். வாய்தா அதன் பக்கத்தில் புகைப்படத்தை வைத்தார்.

“உங்க கம்பெனி முத்திரை சார். இன்னிக்கு நல்லா விழுந்திருக்கு.”

கதவோரம் நின்றிருந்த தச்சர் முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். “அட, வீட்டுக்காரரே! நல்லா இருக்கீங்களா? கதவு இப்ப ஒழுங்காச் சாத்துதா?”

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. “யார்யா நீ? என்ன வீட்டுக்காரர்?”

“நீங்கதானே சொன்னீங்க, வீட்டுக்காரன்னு? தொப்பிக்காரன்கிட்டே?”

டைக்கு அவருடைய டையே இறுக்கியது போலிருந்தது. ஆனாலும் சுதாரித்துக்கொண்டார். “நல்லதாப் போச்சு. வீட்டு ஆள் முன்னாடியே கதவுல ஒட்டியிருக்கோம். நோட்டீஸ் செல்லும்.”

“கொஞ்சம் பொறுங்க,” என்றார் வாய்தா. அண்ணன் பக்கம் திரும்பினார். மிகவும் பணிவாகக் கேட்டார். “நீங்க வீட்டுக்காரரா?”

அண்ணன் குடையைத் தேடினார்.

“வீட்டுக்காரர்னா, உங்க வீட்டை நீங்களே எப்படி ஏலத்துல கேட்பீங்க? அந்த அட்டை செல்லாது. வீட்டுக்காரர் இல்லைன்னா, தச்சர் பட்டறையில, யாரோ ஒருத்தர் முன்னாடி, கழட்டிப் போட்ட ஒரு மரத்துல ஒட்டின காகிதம் அது. பார்க்க வேண்டியவங்க பார்க்கறதுக்குள்ளே உரிச்சும் போட்டாச்சு. வீட்டுல ஒட்டணும்னுதான் சட்டம். வீடு இவங்களுது, கதவு மட்டும் பட்டறையில இருந்தா அது வீடாகாது. நோட்டீஸ் செல்லாது, அதுமேல கட்டின ஏலமும் செல்லாது. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு எதுவானாலும் சரி.”

நாடாக்காரன் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“தபால்ல வந்த நோட்டீஸை ஆளில்லைன்னு திருப்பி அனுப்பினதும் நீதானாண்ணே?” என்றாள் வீட்டுக்காரி. குரல் உயரவே இல்லை.

“அம்மா உனக்கு மட்டும் எழுதி வச்சா எனக்கு எப்படி இருக்கும்?” என்று வெடித்தார் அண்ணன். “வெளியாள் எவனோ எடுக்கறதுக்கு, நான் எடுத்தா வீடு குடும்பத்துலயே இருக்கும்ல?”

“ஆமா,” என்றாள் கீச்சு. “வீடு உங்ககிட்டே. ஒழுகற ரூம் தங்கச்சிகிட்டே. பாகப்பிரிவினைன்னா இது பாகப்பிரிவினை!”

வாய்தா டையைப் பார்த்தார். “சுத்தியலைத் தட்டுங்க சார். தட்டினீங்கன்னா இந்தப் படம், இந்தத் தச்சர், உங்க தொப்பிக்காரன் எல்லாரும் நாளைக்குக் கோர்ட்டுல. நீதிபதிக்கு டீயும் நானே வாங்கித் தர்றேன்.”

டை சுத்தியலை மெதுவாக, குழந்தையைத் தூங்கப் போடுவது மாதிரி மேஜைமேல் படுக்க வைத்தார். “நிர்வாகக் காரணங்களால் இந்த வீட்டின் ஏலம் ரத்து,” என்று வாசித்தார். தன் மடத்தனத்துக்கு நிர்வாகக் காரணம் என்று பெயர் வைத்ததில், பாவம், அவருக்கே கொஞ்சம் திருப்தி வந்த மாதிரி இருந்தது.

*

சாயங்காலம் முன்னறையில் வீட்டுக்காரி தலைமையாசிரியரின் தாடையைப் புதிதாக வார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதோட முடிஞ்சதுன்னு நினைச்சுக்காதீங்கம்மா,” என்றார் வாய்தா. “கடன் அப்படியேதான் இருக்கு. புதுசா நோட்டீஸ் வரும். இந்தத் தடவை வீட்டுக்கே வரும். வந்த அன்னிக்கே ஆட்சேபணை போடணும், தவணையை நீட்டித் தரச்சொல்லிக் கேட்கணும். தப்பு அவங்க மேல இருக்கறதால இறங்கி வருவாங்க. நான் வாங்கிக் கொடுத்தது ஒரு வாய்தாதான். வீட்டைக் காப்பாத்த வேண்டியது நீங்க.”

“அந்த டாக்டருங்க காசு கொடுக்கற வரைக்கும் ஒரு பல்லும் வெளியே போகாது சார். பொக்கை வாயோட நோயாளிங்க அவங்க வாசல்ல போய் நிக்கட்டும்.”

“காசு கேட்டு போன் பண்ற வேலையை என்கிட்டே விடுங்க,” என்றாள் கீச்சு. “மிரட்டி ரொம்ப நாளாச்சு.”

அப்போது படியில் செருப்புச் சத்தம். திறந்திருந்த வாசலில் குடையோடு அண்ணன். “தங்கச்சி… ஒரு வாய் டீ கொடேன். உட்கார்ந்து பேசினா எல்லாம்…”

வீட்டுக்காரி எழுந்தாள். கையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டாள். வாசலுக்குப் போனாள். தோளால் இடிக்கவில்லை, காலால் உதைக்கவில்லை. ஒரே ஒரு விரலால் தள்ளினாள்.

அண்ணன் காசு கொடுத்து இழைத்த கதவு. அவருடைய மூக்குக்கு நேராக, சத்தமே இல்லாமல், முழுசாகச் சாத்திக்கொண்டது.